குதிரைக்காரனுக்கு உடைத்த வளையல்கள்

2025 ஜூலை 9, புதன், பிற்பகல் 2.40, கடும் வெயில். டிவியில் அந்தப் பழைய அமெரிக்க நடிகர் குதிரையிலிருந்து இறங்கினார். சிறுவயதில் நாங்கள் இருந்த நெய்வேலி குவார்ட்டர்ஸில் அக்கா அவர் படத்தை ஜாமெட்ரி பாக்ஸ் மூடிக்குள் ஒட்டி வைத்திருந்தாள்.

அவர் இறந்த செய்தி வந்த அன்று, ஷிஃப்ட் முடிந்து நிலக்கரித் தூளோடு வந்த அப்பா பேப்பரைப் பார்த்துக் கத்தினார்: "நாப்பது படம், மூணு பொண்டாட்டி, குடிச்சிக்கினே கெடந்து ஈரல் போச்சாம். ஏன்டி, உன் புருசன் செத்துட்டான். வளையல உடை!"

பக்கத்து வீட்டார் சிரித்தார்கள். பதினாறு வயது அக்கா நிஜமாகவே வளையல்களைச் சுவரில் அடித்து உடைத்தாள். பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக உரக்க எண்ணியவன் நான்.

அவள் கல்யாணமாகிப் போனபின், தம்பி முறைக்கு ஐம்பத்து மூன்று பொங்கல் சீர் அனுப்பினேன். எல்லா மணியார்டரும் 'வாங்க மறுத்தார்' என்று திரும்பி வந்தன. திரும்பாத கமிஷன் மட்டும் ஆயிரத்து நூற்றுப் பதினேழு ரூபாய்.