லூர்து அக்காவின் மோதிரக் கை

பெருமாள்மலையில் பேருந்து டீக்கு நின்றபோது தம்பி போன் செய்தான். "அக்கா, லூர்து டீச்சர் தவறிட்டாங்களாம். வடகவுஞ்சியிலருந்து ஆளு வந்து நம்ம கடையில சொல்லிட்டுப் போனாரு." சிறுநீரகம் கெட்டு மூன்று மாதமாக மதுரைக்கும் மலைக்குமாக அலைந்தவர்தான். ஆனாலும் அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கு வந்துவிடுவதாக என்னிடம் சொல்லியிருந்தார். சொன்ன சொல் தவறுவது அவருக்குப் பழக்கமில்லை. அதனால் எனக்கு முதலில் வந்தது அழுகையில்லை, கோபம்.

வடகவுஞ்சியில் அவருடைய வீட்டு வாசலில் மழையில் நின்றபோது, நம் பள்ளி ஆசிரியைகள் நீங்கள் எல்லாரும் மாலத்தீவுக் கதையை மறுபடி பேசிக்கொண்டிருந்தீர்கள். அங்கே ஒரு குழந்தையை அடித்துவிட்டு லூர்து டீச்சர் மாட்டிக்கொண்ட கதை. அவரே எத்தனையோ தடவை சிரித்துச் சிரித்துச் சொன்னதுதான். அதில் பாதிதான் உங்களுக்குத் தெரியும். மீதிப் பாதியை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கொடைக்கானல் கடைத்தெருவில் என் அத்தாவுக்கு மளிகைக் கடை. லூர்து அக்கா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். ஏழு வயதில் பெற்றோருடன் கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டு, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர். நாங்கள் இருவரும் பெருமாள்மலையில் ஒரே தனியார் பள்ளியில் வேலை பார்த்தோம். இரண்டாயிரத்து ஆறாம் வருடத் தொடக்கத்தில் இருவரும் வேலையை விட்டுவிட்டு, மாலத்தீவில் ஒரு சின்னத் தீவின் பள்ளிக்குப் போனோம். முதல் மூன்று மாதம் புரொபேஷன். பிடிக்காவிட்டால் அவர்களே விமானம் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். கிளம்பும்போது அவருடைய அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான். "போறது சரி புள்ள. திருப்பி அனுப்பிட்டாங்கன்னு மட்டும் வந்துராத. இன்னொரு தடவ அதப் பாக்க எனக்கு ஏலாது."

தீவை ஒரு சுற்று சுற்ற இருபத்தைந்து நிமிடம் போதும். எங்கே நின்றாலும் கடல் தெரியும். அக்காவுக்கு அது பிடிபடவேயில்லை. "ஏறவும் எடமில்ல, எறங்கவும் எடமில்ல. இதுல மனுசி எங்கிட்டு நடக்குறது நூரு?" என்பார். எதற்கும் இருக்கட்டும் என்று பெட்டியில் இரண்டு ஸ்வெட்டர் கொண்டுவந்திருந்தார். அந்த வெயிலில் அவற்றை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். எனக்குப் பாங்குச் சத்தமாவது பழகிய சத்தம். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். ஊரில் பூசைக்கு மணியடிக்கும் நேரத்தில் நாலாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பார். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஞாயிறு மட்டும் மத்தியானச் சாப்பாட்டைத் தொடமாட்டார்.

புரொபேஷன் முடிய பதினைந்து நாள் இருக்கும்போது அது நடந்தது. ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி ஏழாம் வாய்ப்பாட்டை மூன்றாவது தடவையாகத் தப்பாகச் சொல்ல, அக்கா நம் ஊர்ப் பழக்கத்தில் அவள் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டார். நமக்கெல்லாம் குட்டு ஓர் அடியா? குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்படவேண்டும் என்று பெருமை பேசுகிறவர்கள் நாம். அக்காவின் விரலிலும் அம்மா போட்டுவிட்ட மோதிரம் இருந்தது. அது பட்டுத் தலை புடைத்துவிட்டது. அந்த ஊரில் குழந்தை மேல் கை வைத்தால் வேலை போய்விடும் என்று முதல் நாளே எழுதி வாங்கியிருந்தார்கள். கையெழுத்துப் போட்ட கைதான் குட்டியது.

வியாழக்கிழமை சாயங்காலம் தலைமையாசிரியர் கூப்பிட்டுச் சொன்னார். குழந்தையின் தாய் புகார் கொடுத்திருக்கிறார், ஞாயிறு காலை விசாரணை, அக்காவோடு ஒரே ஊர்க்காரி என்று நானும் வரவேண்டும். இடையில் இரண்டு விடுமுறை நாள். ஓடி ஒளியக்கூட மேடு பள்ளம் இல்லாத அந்தத் தீவில் இரண்டு நாள் எப்படிப் போகும் என்று நினைக்கிறீர்கள்? கடைக்குப் போனால் பேச்சு நிற்கும். படகுத்துறைக்குப் போனால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அக்கா பெட்டியை எடுத்துக் கட்டில் மேல் வைப்பதும், மறுபடி கீழே வைப்பதுமாக இருந்தார்.

"இல்லேன்னு சொல்லிருங்கக்கா," என்றேன். "வேற பெரியாளு யாரும் பாக்கல. பெஞ்சுல இடிச்சிருப்பான்னு சொல்லுங்க. பிள்ளைங்க சொல்றத யாரு பெருசா எடுப்பாங்க?"

அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். "நான் இல்லேன்னா அந்தப் புள்ள பொய் சொன்னதா ஆயிரும் நூரு. ஒம்பது வயசுல அதுக்கு அது வேணாம்."

"அம்மா சொன்னத மறந்துட்டீங்களா? திருப்பி அனுப்பிட்டா என்ன செய்வீங்க?"

"மறக்கல. அதான் பெட்டிய எடுக்குறதும் வைக்கிறதுமா கெடக்கேன்."

இப்போது என் பாதி. அந்த வாரம் நானும் ஒரு குழந்தையைக் குட்டியிருந்தேன். ஐந்தாம் வகுப்பு, கடைசி வரிசை. பாவி, குட்டியதோடு விடாமல் காதையும் திருகினேன். அவள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அக்காவைப் பொய் சொல்லச் சொன்னது அக்காவுக்காக என்று அன்று நானே நம்பினேன். விசாரணை என்று ஒன்று தொடங்கினால் அடுத்தது என் வகுப்புக்கு வரும் என்ற பயம்தான் உள்ளே இருந்தது.

ஞாயிறு காலை அந்தத் தாய் குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார். சண்டைக்கு வந்த முகம். அக்கா உட்காரவில்லை. கேட்பதற்கு முன்பே, அடித்தேன், மோதிரக் கையால் அடித்தேன், தப்பு என்னுடையது என்று ஆங்கிலத்தில் சொன்னார். குழந்தையின் பக்கம் திரும்பி அவளிடமும் அதையே சொன்னார். தலைமையாசிரியர் அதை எழுதிக்கொண்டார். பிறகு, உங்கள் ஊர் ஆசிரியர்கள் எல்லாருக்கும் இது வழக்கமா, இவரும் இப்படித்தானா என்று என்னைக் காட்டிக் கேட்டார். நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"என் கையைப் பற்றித்தான் எனக்குத் தெரியும், சார்," என்றார் அக்கா.

எனக்கும் வாய் இருந்தது. நான் திறக்கவில்லை.

அந்தத் தாய் அவர்கள் மொழியில் மகளிடம் ஏதோ கேட்டார், அவள் தலையசைத்தாள். தலைமையாசிரியர் எங்களுக்குச் சொன்னார்: "டீச்சர் மறுப்பார் என்று நினைத்துத்தான் வந்தாராம். மகள் சொன்னது உண்மையென்று ஆனதே போதுமாம்." எழுத்தில் ஓர் எச்சரிக்கை, இன்னும் மூன்று மாத புரொபேஷன். அக்கா திருப்பி அனுப்பப்படவில்லை. வெளியே வந்ததும் மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்னைப் பத்தி ஏங்க்கா சொல்லல?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன், ஆனாலும் கேட்டுவிட்டேன். "சன்னல் வழியா பாத்தேன்," என்றார். "அது உன் சோலி. நீதான் சொல்லணும்." அவ்வளவுதான். ஒப்பந்தம் முடிந்து மலைக்குத் திரும்பிய பிறகும் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பழைய பள்ளியிலேயே இருவரையும் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். பாச்சலூரிலிருந்து வந்த தகப்பன் ஒருவர் மகனை முன்னால் தள்ளி, "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க டீச்சர்," என்றார். "தோல் அவனுக்கே இருக்கட்டுங்க, குளுருற ஊரு," என்றார் அக்கா. ஆசிரியர் அறையில் எல்லாரும் சிரித்தோம். அவர் மாலத்தீவுக் கதையைச் சொல்லும்போதெல்லாம் "நான் தனியாத்தான் மாட்டினேன்" என்று முடிப்பார். நான் மட்டும் நோட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பிவிடுவேன்.

நான் குட்டிய அந்தக் குழந்தை வீட்டில் சொன்னாளா, சொல்லியும் யாரும் நம்பவில்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளும் தலையசைத்திருப்பாள். லூர்து அக்கா எனக்கென்று விட்டுப் போனது, அந்த அறையில் அவர் சொல்லாமல் விட்ட என் பெயர். நூர்ஜஹான். நானும் அடித்தேன்.