போயிட்டு வாங்க

இது நடந்தது. ஆனால் ஜென்சியைச் சத்தியம் செய்யச் சொன்னால் செய்யமாட்டாள். யார் மேல் செய்வது என்பதுதான் இப்போது அவளுக்குப் பிரச்சினை.

தாம்பரம் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவள் சீனியர் நர்ஸ். இருபது வருஷ சர்வீஸ். யார் இறந்தாலும், எந்தச் சாமியைக் கும்பிட்டவராக இருந்தாலும், நெற்றியில் கைவைத்து ஜெபம் பண்ணித்தான் முகத்தை மூடுவாள். பார்த்த சாவுகள் கூடக் கூட ஜெபம் சுருங்கிக்கொண்டே வந்தது. 'ஆண்டவரே, சேர்த்துக்கொள்ளும்' என்ற ஒரு வரிதான் மிச்சம். அதைப் பிடித்துக்கொண்டுதான் டியூட்டிக்கே வந்துகொண்டிருந்தாள், பாவம்.

டிஸ்சார்ஜ் ஆகிறவர்களிடம் அங்கே யாரும் 'போயிட்டு வாங்க' என்று சொல்வதில்லை. திரும்பி வரவேண்டிய இடமா அது! 'நல்லா இருங்க' என்றுதான் அனுப்புவார்கள்.

போன ஐப்பசி. வெளியே அடைமழை. மத்தியானம் ஆறாம் பெட் தாயாரம்மாள் இறந்துபோனார். அனகாபுத்தூர்க்காரர். வந்த நாள் முதல் தொண்டையில் குழாய். ஜென்சி நெற்றியில் கைவைத்தாள். உடம்பெல்லாம் அலுப்பு. ஜெபத்துக்குப் பதில், "போயிட்டு வாங்கம்மா" என்று வந்துவிட்டது.

பக்கத்தில் நின்ற ஜூனியர் சுப்ரஜா பதறிப்போனாள்.

"அக்கா! என்ன சொல்லிட்டீங்க?"

"விடுடி. வாய் தவறிடுச்சு."

பாடியை எடுத்துப் போனார்கள். புது ஷீட் விரித்தாயிற்று.

மூன்றரைக்கு ஆறாம் பெட்டின் பெல் அடித்தது.

டிர்ர்ர்...

பெட் காலி. மழை ஈரம் இறங்கியிருக்கும் என்று ஜென்சி வயரையே பிடுங்கிவிட்டாள்.

டிர்ர்ர்...

ஷீட்டின் நடுவில் பள்ளம். ஆள் உட்கார்ந்த மாதிரி.

"ஆண்டவரே..."

"யாரம்மா கூப்புடுற?"

கட்டைக் குரல். காதுக்குப் பக்கத்தில்.

"அங்க யாருமே இல்லம்மா... பாத்துட்டுதான் வரேன்."

ஷீட் மெல்லச் சமமானது.

இரண்டு நாள் கழித்து சர்டிபிகேட் வாங்க வந்தார் மகன் பாலு. அம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டாள் ஜென்சி. அவர் போனில் பழைய வீடியோ ஒன்றைப் போட்டார்.

அதே கட்டைக் குரல். "இதே குரல்தான்" என்றாள் ஜென்சி.

"இன்னா சிஸ்டர், உங்களுக்கு எப்டி தெரியும்? வாதம் வந்து பேச்சு போயி நாலு வருசம் ஆச்சே..."

ஜென்சி இப்போது ஜெபம் பண்ணுவதில்லை. யாராவது இறந்தால் காதருகே குனிந்து, "எதுக்கும் நல்லா தேடிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்கிறாள். சுப்ரஜா வேலையை விட்டுவிட்டாள். அவள்தான் எனக்கு இதைச் சொன்னாள்.

வருகிறார்களாம். ஒவ்வொருவராக, தவறாமல்.

பதில் மட்டும் மாறவே இல்லையாம்.