கடையில் நீட்டிய அட்டை

துவக்குக் குழலுக்குப் பூசும் எண்ணெயின் வாசனை... கனடாவில், மொன்றியலுக்குப் பக்கத்து லவாலில் வேட்டைச் சாமான் விற்கும் அந்தக் கடைக்குள் கால் வைத்ததுமே மூக்கில் ஏறும்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். ஊரில் யுத்தநிறுத்தம். என் அகதி விசாரணைக்கு ஒரு வாரமே இருந்தது. "சண்டைதான் நின்றுவிட்டதே, திரும்பிப் போங்களேன் என்பார்கள்" என்று வழக்கறிஞர் எச்சரித்திருந்தார்.

யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்த நான் அந்தக் கடையில் பெட்டி தூக்கினேன். கூட வேலை செய்தவன் ரகு. எங்கள் ஊர்ப் பொடியன்தான், ஆனால் சின்ன வயதிலேயே வந்துவிட்டவன். பிரெஞ்சு அவனுக்குத் தண்ணிபட்ட பாடு. போரைத் தொலைக்காட்சியில் பார்த்தவன்.

இலையுதிர்காலம், மூஸ் மான் வேட்டைக்காரர்கள் வந்து குவியும் நாட்கள். மனேஜர் ஒரு புதுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு துவக்கு.

பளபளக்கும் வால்நட் மரப்பிடி. அடியில் ஐந்து குண்டுக்கு மேல் கொள்ளாத குட்டிக் கூடு. தொடர்ந்து சுடும் வசதியை எடுத்துவிட்டார்களாம், ஒரு இழுப்புக்கு ஒரு வெடிதானாம். "போருக்குச் செய்த இயந்திரம், எந்தக் குளிரிலும் இறுகாது" என்று மனேஜர் பெருமையாகச் சொன்னார்.

மரம்தான் புதிது. உடம்பு, எங்கள் சந்தி ஆமிச் சோதனைச்சாவடியில் அட்டை நீட்டும்போதெல்லாம் என் நெஞ்சுக்கு நேரே நின்ற அதே உடம்பு.

வாங்க வந்த தாடிக்காரர் அதைத் தூக்கிப் பூட்டை இழுத்து விட்டார்.

சடக்.

என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அடையாள அட்டை அங்கே இல்லை. வந்திறங்கிய அன்றே குடிவரவு அதிகாரிகள் வாங்கிவிட்டார்கள். அகப்பட்டது கடையில் தந்த பெயரட்டை. அதை இரண்டு கையாலும் நீட்டி, தலையைக் குனிந்துகொண்டு அந்த மனிதரின் முன்னால் நின்றேன்.

கடையே சிரித்தது.

"என்ன அண்ணை, ஆமிச் சென்றியெண்டு நினைச்சியளோ?" என்ற ரகு, மனேஜரிடம் திரும்பிப் பிரெஞ்சில் ஏதோ சொன்னான். 'சொல்தா' மட்டும் எனக்கு விளங்கியது. சிப்பாய். மனேஜரின் சிரிப்பு நின்றது.

"என்னடா சொன்னனி?"

"சும்மா பகிடி அண்ணை. உங்களுக்கு இந்தச் சாமான் நல்லாப் பழக்கம், ஊரில பெரிய ஆள் எண்டன்."

பகிடி! ஆயுதம் தூக்கியவன் என்ற பேச்சு விசாரணை மேசைக்குப் போனால், அடுத்த விமானம் கொழும்புக்கு.

இதைப் பாவித்திருக்கிறாயா என்று மனேஜர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை. முன்பக்கத்திலிருந்து மட்டும் பார்த்திருக்கிறேன்."

தாடிக்காரர் துவக்கைக் கண்ணாடி மேசையில் வைத்தார். குழல் என் பக்கம் இருந்தது. அதைக் கவனித்தவர், மெதுவாகச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

மறுநாள் என்னைத் தூண்டில் பகுதிக்கு மாற்றினார்கள். ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க, வீட்டுக் கதவு தட்டப்படும்போதெல்லாம் வியர்த்தேன்.

விசாரணையில் அதே கேள்வி வந்தது. சண்டை நின்ற பிறகும் எதற்குப் பயம்? பாடமாக்கிய பதில் மறந்துபோனது. பெயரட்டை நீட்டியதைச் சொன்னேன்... ஏற்றுக்கொண்டார்கள்.

ரகுவுக்கு இப்போது லவாலில் பெரிய வீடு. கலியாண வீடுகளில் கண்டால் என் தோளில் கைபோட்டுக்கொள்வான். "நான் அண்டைக்குப் பகிடி விட்டபடியாத்தான் அண்ணைக்குக் கனடாக் காட் கிடைச்சது!" எல்லாரும் சிரிப்பார்கள். நானும் பல்லைக் காட்டுவேன். மன்னிக்கவில்லை.

கடவுச்சீட்டு வந்து எத்தனையோ வருடம். இப்போது யாரும் என்னிடம் அட்டை கேட்பதில்லை. ஆனாலும் மெட்ரோவில் எங்காவது இரும்பு சடக்கென்றால் கை நெஞ்சுக்குப் போகிறது...

பை இல்லாத சட்டையாகப் பார்த்துத்தான் வாங்குகிறேன்.