மெதுவாக ஒரு கும்மி

ஒரு நோயாளியின் உயிரைக் காப்பதற்காக அவருடைய வாழ்விலிருந்து எவ்வளவைப் பறித்துக்கொள்ள மற்றவர்களுக்கு உரிமை உண்டு? ஒன்பது வயதில், ஓர் ஓணத்து மாலையில், இந்தக் கேள்வி என் முன்னால் வந்து நின்றது. அது கேள்வி என்பதுகூட அன்று எனக்குத் தெரியாது. விளையாட்டைக் கெடுக்க வந்த இடைஞ்சல் என்றே எண்ணினேன். இப்போது வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்ளும் என் தம்பியை, அவன் பிள்ளைகள் தெருமுனைக் கடைக்குக்கூட நடக்கவிடாமல் நாற்காலியில் இருத்தி வைத்திருப்பதைக் காணும்போதெல்லாம் அந்த முற்றம் நினைவுக்கு வருகிறது. இயன்ற அளவு நடக்கும்படி மருத்துவரே அவனிடம் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளோ மருத்துவரைவிடத் தங்கள் பயத்தையே அதிகம் நம்புகிறார்கள்.

நாஞ்சில் நாடு திருவனந்தபுரத்தோடு சேர்ந்திருந்த கடைசி ஆண்டுகள் அவை. என் சித்தி, அம்மாவுக்கு ஒரே தங்கை, அஞ்சுகிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமாகி வெகுநாளாகியும் குழந்தை இல்லை. பெற்றோர் காலமாகிவிட்டதால் எங்கள் வீடே அவளுக்குப் பிறந்த வீடு. அந்த ஆடி மாதத்தில் ஒருநாள் வந்து வண்டியிலிருந்து இறங்கியபோது அவளுடைய முகம் அதைத்து வீங்கியிருந்தது. காலில் விரலை அழுத்தி எடுத்தால் குழி விழுந்து நின்றது. அப்பா அவளை நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் காய்ச்சினாராம்; அது முட்டையின் வெள்ளைக்கரு போலத் திரண்டதாம். சிறுநீரகம் பழுதாகியிருக்கிறது, உப்பை நிறுத்துங்கள், நல்ல ஓய்வு கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். ஓய்வு என்றால் எவ்வளவு என்று அவர் விளக்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

விளக்கும் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டாள். ஒரு பெண் நெடுநாள் படுத்திருப்பதற்கு எங்கள் வீட்டார் அறிந்த முறை ஒன்றே ஒன்றுதான்: பேறுகாலத்துப் படுக்கை. ஆகவே நாங்கள் பிறந்த அதே உள்ளறையில் சித்திக்குக் கட்டில் போடப்பட்டது. காற்றுப் படக் கூடாதென்று சன்னலில் சாக்கு தொங்கவிடப்பட்டது. தரையில் கால் படக் கூடாது, தண்ணீரைத் தானே எடுத்துக் குடிக்கக் கூடாது, தலையைத் தானே வாரக் கூடாது. நோய்க்கும் இந்த விதிகளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை. அன்பு அங்கே முழு மூச்சாக வேலை செய்துகொண்டிருந்தது.

சித்தி முதலில் சிரித்தாள்.

“பிள்ள பெறாதவளுக்குப் பேத்துப் பத்தியம்! அக்கா, இப்பிடியே கிடந்தா எனக்கு ஒண்ணு பொறந்தாலும் பொறக்கும்.”

“வாய மூடிக்கிட்டுக் கிடட்டி,” என்றாள் அம்மா.

ஆவணி பிறந்தபோது அந்தச் சிரிப்பு நின்றுபோயிருந்தது. கால்கள் மெலிந்து, பாதங்கள் மட்டும் வீங்கிக் கிடந்தன. நான் உள்ளே போனால் வெளிச்செய்தி கேட்பாள். கொல்லையில் வாழை குலை தள்ளியதா, பக்கத்து வீட்டுப் பசு கன்று போட்டதா என்று அவள் கேட்டவையெல்லாம், எழுந்து பத்தடி நடந்தால் அவளே கண்டுகொள்ளக் கூடியவை. ஒருநாள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, காலு எனக்க காலு மாதிரியே இல்ல. முத்தம் வரைக்கும் ஒருக்கா நடந்துட்டு வந்திருகேன்.”

“நடக்கவா? நம்ம அம்மைக்கு என்ன வந்துதுன்னு மறந்து போச்சா ஒனக்கு?”

சித்தி கையை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அவர்களுடைய தாய், சித்தியைப் பெற்ற சில நாட்களிலேயே எழுந்து நெல் அவித்தாள் என்றும், அதனால்தான் காய்ச்சல் கண்டு இறந்தாள் என்றும் குடும்பத்தில் சொல்வார்கள். அன்று அம்மாவுக்கு ஏறத்தாழ அந்த ஓணத்தில் எனக்கிருந்த வயது. எழுந்து நடந்த ஒரு பெண்ணைப் பறிகொடுத்தவள், அவள் விட்டுப்போன இன்னொருத்தியைப் படுக்கையோடு கட்டி வைத்துக் காப்பாற்ற முயன்றாள். இதையெல்லாம் நான் பின்னாளில்தான் சேர்த்துப் பார்த்தேன்.

ஓணத்தன்று மாலை எங்கள் முற்றத்தில் நிலவிளக்கை ஏற்றி வைத்து, அதைச் சுற்றித் தெருப்பெண்கள் கும்மி கொட்டுவது வழக்கம். மேற்கே மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து மருமகள்களாக வந்தவர்கள் அதைக் கைகொட்டிக்களி என்பார்கள். சித்தி ஓணத்துக்கு வந்திருந்தால் பாட்டு எடுப்பது அவள்தான். அவள் குரல் ஏற ஏற வட்டம் வேகம் கொள்ளும். கடைசியில் பாவாடைகள் குடைபோல விரியும். அந்தக் கடைசிச் சுழற்சிக்காகவே நான் புதுப் பாவாடை கேட்டு வாங்கியிருந்தேன்.

அவ்வருடம் பாட்டு எடுக்கும் வேலை அப்பாவின் தங்கையான என் அத்தைக்கு வந்தது. அத்தைக்குக் குரல் உண்டு. தாளத்தோடு மட்டும் அவளுக்கு நெடுநாள் பகை. இரண்டாம் பாட்டில் பாதி வட்டம் ஒரு கொட்டும் மறுபாதி வேறொரு கொட்டுமாகப் பிரிந்துபோனது. அப்போது உள்ளறையிலிருந்து கைத்தட்டல் கேட்டது. மெல்லியது, ஆனால் பிசகாதது. வட்டம் அதைப் பற்றிக்கொண்டு நேரானது. சற்று நேரத்தில் அந்தத் தட்டல் நின்றுவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். சுவரைப் பிடித்துக்கொண்டு சித்தி வாசலில் நின்றிருந்தாள்.

விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள்.

“ஏட்டி, உள்ள போ! சாகதுக்கா எழும்பி வந்த?”

“செத்த பொறவு கிடக்கத்தானே போறேன். இப்பமே என்னத்துக்கு?” சித்திக்கு மூச்சு வாங்கியது. “ஒரு சுத்து, அக்கா. நீ எனக்கு முன்னால நட. விழுந்தா உனக்க முதுவுலதான் விழுவேன்.”

அம்மா அவளுடைய தோளைப் பற்றித் திருப்பப் பார்த்தாள். அத்தை குறுக்கே வந்தாள்.

“பிடிச்சு இழுக்காதீங்க மைனி. நடந்து விழுந்தா நாங்க இத்தன பேரு தூக்க மாட்டோமா? எனக்க பாட்டக் கேட்டுக்கிட்டுக் கிடக்கத விட அவ விழுகதே மேலு.”

யாரோ சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. தங்கையின் தோளிலிருந்து கையை எடுத்தாள். கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாளும் கும்மியில் சேராத அவள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சித்திக்கு முன்னால் போய் நின்றாள்.

சித்தி தாழ்ந்த குரலில் பாட்டைத் தொடங்கினாள். வீங்கிய பாதத்தை அவள் தூக்கி வைக்கவில்லை. தரையோடு இழுத்து வைத்தாள். ஒரு காலடிக்கும் அடுத்ததற்கும் நடுவே நீண்ட இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளிக்குப் பொருந்தப் பாட்டு நீண்டது, கைகள் காத்திருந்து கொட்டின, வட்டம் முழுவதும் ஒரு நோயாளியின் நடைக்கு இறங்கியது. எனக்கு அழுகை வரும் போலிருந்தது. பாவாடை விரியவே இல்லை.

“வேகமாப் பாடுங்க சித்தி!” என்று கத்தினேன். பின்னால் வந்த அத்தை என் தோளில் நறுக்கென்று கிள்ளினாள்.

வட்டம் ஒருமுறை முடிந்தது. சித்தி நிற்கவில்லை, இன்னொரு சுற்றுக்குக் காலை இழுத்து வைத்தாள். அம்மா தடுக்கவில்லை. அவள் பாடவும் இல்லை, பின்னால் திரும்பிப் பார்க்கவும் இல்லை. தலையைச் சற்றே சாய்த்தபடி நடந்தாள். கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. தன் தங்கையால் ஓணம் கெட்டுப்போனதே என்று நாணி அழுகிறாள் என நான் நினைத்துக்கொண்டேன். தலையைச் சாய்த்திருந்தது, பின்னால் இழுபட்டு வந்த அந்தப் பாதங்களின் ஓசையைக் கேட்பதற்காக என்பது எனக்குப் புரியவில்லை. ஒவ்வொரு முறையும் சித்தியின் அடுத்த அடி விழுந்த பிறகே அவள் தன் காலை எடுத்து வைத்தாள்.

நடந்தது நோயைக் கூட்டியதா, குறைத்ததா என்று என்னால் சொல்ல முடியாது. பழுதான சிறுநீரகத்தின் வேலையைச் செய்ய அன்று எங்கள் பக்கத்தில் எந்த இயந்திரமும் இல்லை. கும்மி அந்த வேலையைச் செய்யாது. அடுத்த ஓணத்தைச் சித்தி பார்க்கவில்லை, பங்குனியில் இறந்தாள். அவள் நடந்ததால்தான் இறந்தாள் என்று துக்கத்துக்கு வந்தவர்களில் ஒருத்தி தொடங்கியபோது, அம்மா அவளை முடிக்கவிடவில்லை.

ஆனால் ஓணத்துக்கும் பங்குனிக்கும் இடையே சில மாதங்கள் இருந்தன. மறுநாள் காலையில் அம்மா சன்னலில் தொங்கிய சாக்கை எடுத்துவிட்டாள். சீப்பைச் சித்தியின் கையில் கொடுத்தாள். அதன்பின் வெயில் தாழ்ந்ததும் இருவரும் முற்றத்தைச் சுற்றி நடந்தார்கள், அம்மா முன்னால், சித்தி பின்னால். நடக்க முடியாத நாட்களில் சித்தி வாசலில் அமர்ந்து பயறு உரித்தாள். வாழை குலை தள்ளிய செய்தியை எனக்கு அவள் சொன்னாள்.