ஒரே கிழமையில் விதைத்த சமன்பாடுகள்

கடலோடு கலக்கும் எங்கள் வாவியைக் கணினிக்குள் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து வைத்திருந்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் உவர் எப்படி ஏறி இறங்குகிறது என்று சொல்ல ஒரு வகையீட்டுச் சமன்பாடு. ஆயிரக்கணக்கில் கிடந்த அவற்றை ஒரே நேரத்தில் தீர்ப்பதற்கு, என் கணவர் கேம் விளையாட வாங்கிய கிராபிக்ஸ் கார்டைப் பறித்துக்கொண்டேன்.

"எடுகா, எடு. உவர்த் தண்ணியில போட்டுடாத," என்றார்.

ஆனால் கணக்கு ஊர்ந்தது. முகத்துவாரத்து மணலை வெட்டி வாவியைக் கடலுக்குத் திறந்துவிட்ட பிறகு ஒரு நாளில் நடப்பதைக் கணிக்க, கணினி அதைவிடக் கூடுதலான நேரம் எடுத்தது. என் ஆய்வை மேற்பார்வை செய்த விரிவுரையாளர் உதட்டைப் பிதுக்கினார்.

"இதுக்கெல்லாம் வெளிநாட்டு மெசின் வேணும், பிள்ள. லேசான தலைப்பொண்டு எடுங்க. வாற கிழமை வரைக்கும்தான் பாப்பன்."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. என்ன கதை இது! பிறந்ததிலிருந்து பார்க்கும் தண்ணீரை விட்டுவிட்டு வேறு எவருடைய ஆற்றை நான் ஆராய்வது?

செங்கலடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் பிழை பிடிபட்டது. நான் பழுகாமத்து வயற்காரர் வீட்டுப் பிள்ளை. ஒரு வட்டையில், அதாவது ஒரே வயல்வெளியில், காணி வைத்திருக்கும் எல்லோரும் கூட்டம் கூடி, ஒரே கிழமையில், அந்த ஏழு நாளுக்குள்தான், விதைப்பார்கள். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. அந்தப் புத்தியில் எல்லாச் சமன்பாடுகளையும் நேரத்தில் ஒரே அளவு அடிவைத்து நடக்கக் கட்டிப்போட்டிருந்தேன். முகத்துவாரத்தில் கடல் பாய்ந்து நிமிடத்துக்கு நிமிடம் உவர் மாறும். அங்கே கணக்கு மிகச் சின்ன அடிதான் வைக்கலாம். அதற்காக, முகத்துவாரத்துக்கு வெகு தூரத்தில் அசையாமல் கிடக்கும் பழுகாமத்துத் தண்ணீரும் அதே அடியை வைத்துக்கொண்டிருந்தது. அட, என் விசர்ப் புத்தியே!

கார்டில் சமன்பாடுகள் கூட்டம் கூட்டமாகத்தான் ஓடும். ஒன்று பிந்தினால் அந்தக் கூட்டமே காத்து நிற்கும். அதனால் அவசரக்காரரை ஒரு பக்கமும் ஆறுதல்காரரை இன்னொரு பக்கமுமாகப் பிரித்து, அதனதன் அடியை அதற்கே கொடுத்தேன்.

சொன்ன தவணைக்கு விரிவுரையாளர் வந்து உட்கார்ந்தார். அவருடைய தேநீர் ஆறுமுன் வாவி முழுவதற்கும் விடை வந்துவிட்டது.

"எங்கயோ பிழை. திருப்பி ஓட்டுங்க."

ஓட்டினேன். அதே விடை. நான் வள்ளத்தில் போய் அளந்து வந்த உவரோடும் பொருந்தி நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப தலைப்ப மாத்தாதீங்க. எப்பிடிச் செஞ்சீங்க எண்டு எனக்கும் ஒருக்காச் சொல்லுங்க, பிள்ள."

எனக்கு வந்த பெருமைக்கு அளவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, ஒன்றையும் சுருக்காமல், முதலிலிருந்து சொன்னேன்.