நான் சொன்ன சாட்சி

அந்தச் சத்தம் கேட்டபோது எங்கள் இருவர் கையிலும் பைபிள் வசனக் காலண்டர் தாள்கள் இருந்தன. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் தாள் அடுக்கும் வேலை எங்களுக்கு. பக்கத்து மேசை அக்காவும் நானும் ஒரே தெரு, ஒரே சபை. எங்கள் வீட்டுக்காரர்கள் இருவரும் நாரணாபுரம் பக்கம் ஒரே பட்டாசுக் கம்பெனியில், வேறு வேறு அறைகளில் வேலை பார்த்தார்கள். சத்தம் கேட்டால் இந்த ஊரில் யாரும் என்ன என்று கேட்பதில்லை, எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்கள். வாசலுக்கு ஓடினோம். நாரணாபுரம் பக்கம் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

நான் ஜெபிப்பதில் பெயர் வாங்கியவள். என்னிடம் மைக்கைக் கொடுத்தால் திரும்ப வாங்குவது கஷ்டம் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அன்று அவர் போனை எடுக்காத ஒவ்வொரு முறையும், "ஆண்டவரே, அவுக ரூமா இருக்கக் கூடாது" என்று கதறினேன். முழு விசுவாசத்தோடுதான் கேட்டேன். வெடித்தது வெடித்துவிட்டது, அவர் அறை இல்லையென்றால் இன்னொருவர் அறை என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கன இருக்கிற அம்புட்டுப் பேரையும் கைவிட்டுராதேயும் ஆண்டவரே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

"உங்க வீட்டுக்காரருக்காகக் கேளுங்கக்கா."

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். மத்தவுகள எப்படி விட?"

என் போன் அடித்தது. "நா நல்லாருக்கேன், நீ பதறாத" என்றார் என் வீட்டுக்காரர். அச்சகமே திரும்பிப் பார்க்கும்படி ஸ்தோத்திரம் சொன்னேன். அக்காவின் போன் அவள் கையில் சும்மாவே இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் வீட்டுக்காரர் தீக்காயத்தோடு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார்.

அடுத்த மாதம் ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்தேன். ஆண்டவர் செய்த நன்மையைச் சபை முன்னால் சொல்லாமல் இருந்தால் அது நன்றிகெட்டதனம் என்பது எங்கள் நம்பிக்கை. "நா கண்ணீரோட ஜெபிச்சேன். ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டு அவுகளக் காப்பாத்திட்டாரு" என்றேன். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். உட்காரும்போதுதான் பார்த்தேன், துக்கத்துக்குப் பிறகு முதல்முறையாக அக்கா வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்தாள். என் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது.

வெளியே செருப்பு மாட்டும் இடத்தில், "அக்கா, நான்..." என்று இழுத்தேன்.

"நல்லாத்தான் சொன்ன" என்றாள். "ஆனா என் ஜெபத்த அவரு கேக்கலைன்னு மட்டும் நெனச்சிராத. கேட்டாரு. அந்த மூணு நாளும் ஆஸ்பத்திரியில கூடவே இருந்து கேட்டாரு."

இப்போதெல்லாம் சாட்சி நேரத்தில் தலையைக் குனிந்துகொள்கிறேன். எனக்கு விசுவாசம் குறைந்துவிட்டதாகச் சிலர் பேசிக்கொள்கிறார்கள். என் வீட்டுக்காரர் அதே கம்பெனிக்குத்தான் போகிறார், வேறு வேலை தெரியாது. போன வாரம் அச்சகத்தில் இருக்கும்போது மறுபடி ஒரு சத்தம் கேட்டது. கல்குவாரி வெடி என்று பிறகுதான் தெரிந்தது. அந்த நேரம் ஜெபிக்க என் வாய் திறக்கவில்லை. நான் எதைக் கேட்டாலும் அது இன்னொருத்தி தலையில் போய் விழுந்துவிடும் என்று பயம். அக்கா தாள்களைக் கீழே வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து, கண்ணை மூடி, என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி ஜெபிக்கத் தொடங்கினாள்.