சேகரித்தவர் பெயர்

விலங்கியல் படிக்கச் சேர்ந்தவளுக்குப் பூச்சி என்றால் பயம். இதைவிடக் கேவலம் உண்டா? தொண்ணூறுகளின் நடுவில், இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வுக்கு ஆளுக்கொரு பூச்சிப்பெட்டி வைக்க வேண்டும். ஊசியில் குத்திய ஒவ்வொரு பூச்சியின் கீழும் ஒரு சிறு சீட்டு: பிடித்த இடம், நாள், சேகரித்தவர் பெயர். சீட்டில்லாத பூச்சி வெறும் குப்பை என்பார் எங்கள் பேராசிரியை.

நான் பாளையங்கோட்டைக்காரி. ஆய்வகத்தில் என் பக்கத்து ஸ்டூல்காரி சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். சனிக்கிழமைகளில் தன் வீட்டு வயலுக்கு என்னை இழுத்துப் போவாள். வலையை என் கையில் கொடுத்து, "ஏட்டி, பைய வா. நெழலு விழுந்தா பறந்துரும்" என்பாள். தட்டான் அருகில் போனதும் நான் கண்ணை மூடிக்கொள்வேன். வலை காலியாக வரும். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே பாதி நாள் வேண்டுமென்றே கோட்டை விட்டேன்.

இறக்கையை வைத்து வகைப்படுத்தச் சொன்னது பாடம். ஈக்கும் கொசுவுக்கும் ஒரு சோடி, தட்டானுக்கு இரண்டு சோடி. விரித்தபடி உட்கார்ந்தால் தட்டான், முதுகோடு மடக்கினால் ஊசித்தட்டான். அவளோ எதை எது தின்னும் என்று பார்த்து அடுக்கினாள். நெல்லின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சி, பக்கத்தில் அதைத் தின்னும் ஊசித்தட்டான், அடுத்து ஊசித்தட்டானையும் விடாத பெரிய தட்டான்.

"ஒண்ண ஒண்ணு திங்குதுல்லா, அப்போ பக்கத்துலதான இருக்கணும்?"

பேராசிரியை திட்டி மாற்றி அடுக்க வைத்தார்.

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கையில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பம்பாயில் வேலை. "பரீட்ச எழுதி என்ன கலெக்டராவா ஆகப் போறா?" என்றார் அவள் அப்பா. கல்லூரிக்கு வந்த கடைசி நாளில் தன் பெட்டியை என் மடியில் வைத்தாள்.

"நீயே வச்சுக்கோட்டி. ஒன் பெட்டியில ரெண்டு பட்டாம்பூச்சிதான கெடக்கு."

வீட்டில் திறந்து பார்த்தேன். அத்தனை சீட்டையும் புதிதாக எழுதியிருந்தாள். அவள் கையெழுத்தில், என் பெயர். வெட்கமில்லாமல் அதை வைத்தே தேறினேன்.

அவளிடமிருந்து கடிதம் வரவில்லை. பெட்டி மட்டும் என்னோடு இருந்தது. அந்துருண்டை போட மறந்த ஒரு மழைக்காலத்தில் பொடிவண்டுகள் உள்ளே புகுந்தன. தின்றவை, தின்னப்பட்டவை எல்லாம் தூளாகி, ஊசியும் சீட்டும்தான் மிஞ்சின. அவளைப் பார்க்க வேண்டும் என்று அன்று தவித்த தவிப்பு இன்னும் அடங்கவில்லை. தன் பெயரை எங்கேயாவது மாற்றாமல் விட்டிருப்பாளோ என்று ஒவ்வொரு சீட்டாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

பாவி, ஒன்றைக்கூட மறக்கவில்லை.